ராக்கெட் ஏறி வந்த பழைய கதை

விண்வெளிப் படங்களில் மறைந்திருக்கும் தெய்வச் சின்னங்கள்

"ஒரே இரைச்சலும் மின்னல் வெட்டும்! இதில் என்ன கதை இருக்கிறதென்று கண் கொட்டாமல் பார்க்கிறாய்?"

பிள்ளைகள் ஆங்கில விண்வெளிப் படம் பார்க்கும்போது வீட்டுப் பெரியவர்கள் இப்படிச் சலித்துக்கொள்வதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். "பாட்டி, உங்கள் புராணக் கதையெல்லாம் பழசு" என்று பிள்ளைகள் எழுந்து போவதையும் பார்த்திருப்பீர்கள். ஒரே கூரையின் கீழ் இரண்டு தலைமுறை. ஒருவர் கதை மற்றவருக்குப் புரிவதில்லை. புரிந்துகொள்ள நேரமும் இல்லை.

வேடிக்கை என்ன தெரியுமா, வாசகர்களே? பாட்டி சொல்ல நினைக்கும் கதையும் பேரன் பார்த்துக்கொண்டிருக்கும் கதையும் பல நேரங்களில் ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவு. வில்லுக்குப் பதில் ஒளிவாள். தேருக்குப் பதில் ஆகாயக் கப்பல். உள்ளே இருப்பவரோ நாம் கோயிலிலும் மாதாகோவிலிலும் கதாகாலட்சேபத்திலும் கேட்டுப் பழகிய அதே ஆள்தான். புகழ்பெற்ற சில படங்களை எடுத்துக்கொண்டு, அவர் எங்கெங்கே மறைந்திருக்கிறார் என்று பார்ப்போமா?

தச்சர் என்ற பெயரில் வந்தவர்

1945-இல் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் அணுகுண்டு விழுந்தது. 1949-இல் சோவியத் ரஷ்யாவும் அந்தக் குண்டைச் செய்து வெடித்துக் காட்டியது. உலகமே கதிகலங்கி நின்ற நேரத்தில், 1951-இல், அமெரிக்காவில் 'தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்' என்ற படம் வெளிவந்தது. 'பூமி அசையாது நின்ற நாள்' என்று அதற்குப் பொருள். இயக்கியவர் ராபர்ட் வைஸ்.

வாஷிங்டன் நகரில் ஒரு பறக்கும் தட்டு இறங்குகிறது. அதிலிருந்து கிளாட்டு என்ற வேற்றுக் கிரக மனிதர் வெளியே வருகிறார். கையில் ஒரு பரிசுப் பொருள். அது ஆயுதமோ என்று பயந்த சிப்பாய் ஒருவன் சுட்டுவிடுகிறான். மருத்துவமனையிலிருந்து தப்பிய கிளாட்டு, வேறொருவருடைய உடையை அணிந்துகொண்டு சாதாரண மக்கள் தங்கும் விடுதியில் குடியேறுகிறார். அந்த உடையில் இருந்த பெயரையே தம் பெயராக வைத்துக்கொள்கிறார். என்ன பெயர்? கார்பென்டர், அதாவது தச்சர்.

இயேசுநாதர் தச்சுத் தொழில் செய்த குடும்பத்தில் வளர்ந்தவர் என்பது உங்களுக்குத் தெரியும். மேலே கேளுங்கள். சமாதானம் சொல்ல வந்த கிளாட்டு மீண்டும் சுடப்பட்டு இறக்கிறார். உயிர் திரும்பி எழுகிறார். கடைசியாக ஓர் எச்சரிக்கை கூறிவிட்டு வானத்துக்கே போய்விடுகிறார். பைபிள் படித்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இந்த ஒப்புமையை வேண்டுமென்றே வைத்ததாகவும், படத் தயாரிப்பாளரிடம்கூட அதைச் சொல்லவில்லை என்றும் திரைக்கதை எழுதிய எட்மண்ட் நார்த் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். ஆனால் தணிக்கை பார்த்தவர்கள் சும்மா இருக்கவில்லை. இறந்தவரை ஒரு இயந்திரம் எழுப்பிவிடுவதா என்று ஆட்சேபம் சொன்னார்கள். அதனால், உயிரைக் கொடுக்கும் அதிகாரம் எல்லாம் வல்ல பரம்பொருளுக்கு மட்டுமே உண்டு, தமக்குக் கிடைத்தது சிறிது காலம் மட்டுமே என்று கிளாட்டுவின் வாயாலேயே ஒரு வசனம் சேர்க்கப்பட்டது.

இந்தப் படத்தில் நெஞ்சைத் தொடும் இடம் இன்னொன்று. தம் சக்தியைக் காட்ட கிளாட்டு என்ன செய்கிறார்? ஊரை எரிக்கவில்லை. உலகெங்கும் அரை மணி நேரம் மின்சாரத்தை நிறுத்துகிறார். அப்போதும் மருத்துவமனைகளையும் பறந்துகொண்டிருந்த விமானங்களையும் விட்டுவிடுகிறார். கையில் எல்லாச் சக்தியும் இருக்கிறது. அதைவிடப் பெரிய கட்டுப்பாடும் இருக்கிறது. இந்தக் குணத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து வரும் படங்களிலும் இது தலைகாட்டும்.

பேழையில் வந்த பிள்ளை

'சூப்பர்மேன்' யாருக்குத்தான் தெரியாது? அவரைக் கற்பனை செய்தவர்கள் ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்ற இரு இளைஞர்கள். யூத குடும்பங்களில் பிறந்தவர்கள். 1938-இல் சித்திரக்கதைப் புத்தகத்தில் அவரை அறிமுகப்படுத்தினார்கள்.

அழியப்போகும் ஒரு கிரகம். பெற்றோர் தங்கள் குழந்தையை ஒரு சிறு கலத்தில் வைத்து அனுப்பிவிடுகிறார்கள். வேறோர் இடத்தில் யாரோ எடுத்து வளர்க்கிறார்கள். யூதர்களுக்கு இது மோசேயின் கதை. நாணற் பேழையில் நைல் நதியில் விடப்பட்ட குழந்தை அவர். நமக்கோ, குந்தி தேவி பேழையில் வைத்து ஆற்றில் விட்ட கர்ணன் நினைவுக்கு வருவான். அந்தக் குழந்தைக்குப் பிறந்த கிரகத்தில் வைத்த பெயர் கால்-எல். 'எல்' என்றால் எபிரேய மொழியில் இறைவன்.

1978-இல் ரிச்சர்ட் டானர் இயக்கிய 'சூப்பர்மேன்' படத்தில், தந்தையாக நடித்த மார்லன் பிராண்டோ, மனிதர்கள் நல்லவர்களாக விரும்புகிறார்கள், வழிகாட்டத்தான் ஆள் இல்லை, ஆகவே என் ஒரே மகனை அவர்களிடம் அனுப்பினேன் என்ற கருத்தில் பேசுவார். யூதர்கள் உருவாக்கிய வீரனுக்குக் கிறிஸ்தவச் சாயலும் சேர்ந்துவிட்டது. நல்ல கதைக்கு மதில் சுவர் கிடையாது.

சதுப்பு நிலத்துக் குரு

இனி 'ஸ்டார் வார்ஸ்'. ஜார்ஜ் லூகாஸ் இயக்கி 1977-இல் வெளிவந்தது. படம் முழுவதும் 'போர்ஸ்' என்ற சொல் வரும். நம் மொழியில் சொன்னால் 'சக்தி'. எல்லா உயிர்களையும் சூழ்ந்து, அவற்றைப் பிணைத்து நிற்கும் ஆற்றல். அதை நன்மைக்கும் பயன்படுத்தலாம். கோபத்தோடும் பயத்தோடும் அணுகினால் அது இருளுக்கும் இழுத்துச் செல்லும்.

இளைஞர் மனத்தில் ஓர் ஆத்மீக உணர்வைத் தட்டி எழுப்பவே இதை வைத்தேன், குறிப்பிட்ட ஒரு மதத்தைப் பரப்ப அல்ல என்று லூகாஸ் 1999-இல் ஒரு பேட்டியில் கூறியிருக்கிறார். பல நாட்டுப் புராணங்களை ஒப்பிட்டு ஜோசப் கேம்பல் என்ற அறிஞர் 1949-இல் எழுதிய நூலும் அவருக்குத் துணையாக இருந்தது.

கதாநாயகன் லூக், பகைவரின் பயங்கரக் கோட்டையைத் தகர்க்கப் பறக்கிறான். குறி பார்க்கக் கணினி இருக்கிறது. கடைசி நொடியில், மறைந்த குருவின் குரல் காதில் ஒலிக்க, அந்தக் கணினியை நிறுத்திவிட்டுச் சக்தியை நம்பி எய்கிறான். விஞ்ஞானப் படத்தின் உச்சக்கட்டமே கருவியை ஓரமாக வைப்பதுதான்!

1980-இல் வந்த இரண்டாம் படத்தில் குருவைத் தேடிப் போகிறான் லூக். பெரிய வீரராக இருப்பார் என்று எதிர்பார்க்கிறான். வந்து நிற்பதோ பச்சை நிறத்தில், முழங்கால் உயரத்தில், நீண்ட காதுகளோடு ஒரு கிழவர். யோடா என்று பெயர். இருக்குமிடம் சேறும் பாம்பும் நிறைந்த சதுப்புக் காடு. குள்ள வடிவில் வந்து மூன்றடி மண் கேட்ட வாமனரை அறிந்த நமக்கு இதில் ஆச்சரியம் என்ன?

அந்தக் காட்டில் ஒரு குகை. உள்ளே போகும்போது ஆயுதம் தேவையில்லை என்கிறார் யோடா. லூக் கேட்கவில்லை, எடுத்துக்கொண்டே போகிறான். பகைவன் டார்த் வேடரின் உருவம் எதிரே வருகிறது. வெட்டுகிறான். தலை உருளுகிறது. முகமூடி உடைய, உள்ளே தெரிவது லூக்கின் சொந்த முகம்! எதிரி வெளியில் மட்டும் இல்லை என்று இதைவிடச் சுருக்கமாக எப்படிச் சொல்ல முடியும்?

1983-இல் வந்த மூன்றாம் படத்தில் லூக் அந்தப் பாடத்தைக் கற்றுவிட்டான். தந்தை என்று தெரிந்துவிட்ட அந்தப் பகைவரை வீழ்த்திய பிறகு, கொல்லாமல் ஒளிவாளை வீசி எறிந்துவிடுகிறான். மகனின் அந்தச் செயல்தான் தந்தையின் மனத்தை மாற்றுகிறது. வென்றவன் ஆயுதத்தைக் கீழே போட்டதுதான் உண்மையான வெற்றி.

இந்தப் படங்கள் எவ்வளவு தூரம் மனத்தில் இறங்கின என்பதற்கு ஒரு செய்தி. 2001-ஆம் ஆண்டு இங்கிலாந்து, வேல்ஸ் குடிமதிப்பீட்டில் 'உங்கள் மதம் என்ன?' என்ற கேள்விக்குச் சுமார் 3,90,000 பேர் படத்தில் வரும் துறவி வீரர்களின் பெயரான 'ஜெடை' என்று எழுதிவைத்தார்கள். பெரும்பாலும் வேடிக்கைக்குத்தான். ஆனாலும் வேடிக்கைக்குக்கூட ஒரு பெயர் தேவைப்பட்டதே!

ஒளிரும் இதயமும் குளத்தில் முளைத்த கோபுரமும்

1982-இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கிய 'ஈ.டி.' பல வீடுகளில் பிள்ளைகளையும் பெரியவர்களையும் சேர்ந்து அழவைத்த படம். பூமியில் தனியாக விடப்பட்ட வேற்றுக் கிரக ஜீவனை ஒரு சிறுவன் வீட்டில் ஒளித்து வைக்கிறான். அதன் விரல் பட்டால் காயம் ஆறுகிறது. அதன் மார்பில் இதயம் சிவப்பாக ஒளிர்கிறது. அது இறக்கிறது, பிறகு உயிர்த்தெழுகிறது, கடைசியில் வானத்துக்கு ஏறிப் போகிறது. இரண்டு விரல்கள் தொட்டுக்கொள்ளும் விளம்பரப் படமோ, ரோமாபுரியில் சிஸ்டைன் ஆலயக் கூரையில் மைக்கேலாஞ்சலோ தீட்டிய, இறைவன் ஆதாமுக்கு உயிரளிக்கும் ஓவியத்தை நினைவூட்டுவது.

"இது கிறிஸ்துவின் கதைதானே?" என்று பலர் கேட்டார்கள். ஸ்பீல்பெர்க் மறுத்தார். அவர் யூதர், அவருடைய தாயார் யூத சமய முறைப்படி சமைக்கும் உணவகம் நடத்தியவர். கிறிஸ்தவ உபதேசப் படம் எடுத்தேன் என்று அம்மாவிடம் போய்ச் சொன்னால் அவர் என்ன சொல்வார் என்று சிரித்துக்கொண்டே கேட்டாராம். தம் பெற்றோர் பிரிந்தபோது, தனிமையில் கற்பனை செய்துகொண்ட ஒரு தோழன்தான் ஈ.டி.யாக வளர்ந்தது என்பது அவர் சொன்ன விளக்கம். நினைக்காமலே வந்து சேர்ந்துவிட்டது புனிதக் கதை.

இதே போன்ற ஒரு கதைக்கு நம் பக்கத்திலும் ஒரு தொடர்பு உண்டு. வங்காள இயக்குநர் சத்யஜித் ராய் 1967-இல் 'தி ஏலியன்' என்று ஒரு திரைக்கதை எழுதினார். வங்காளக் கிராமம் ஒன்றின் தாமரைக் குளத்தில் ஆகாயக் கப்பல் விழுகிறது. அதன் உச்சி மட்டும் நீருக்கு மேல் தெரிகிறது. ஊர் மக்கள் என்ன நினைக்கிறார்கள்? பூமிக்குள்ளிருந்து கோயில் எழும்பிவிட்டதென்று கும்பிடத் தொடங்குகிறார்கள். ஒரு பணக்கார வியாபாரியோ, தண்ணீரை இறைத்துவிட்டு, சலவைக்கல் பதித்து, புதுப்பித்தவர் இன்னார் என்று தம் பெயரைப் பொறித்துவிடத் திட்டம் போடுகிறார். குழல் விளக்கில் வெளிச்சத்தை விட 'உபயம்' பெரிதாகத் தெரியும் கோயில்களைப் பார்த்த நமக்கு அவர் அந்நியர் இல்லை! கப்பலில் வந்த ஜீவனோ இதெல்லாம் அறியாமல், பருவமில்லாத காலத்தில் மாமரத்தைக் காய்க்கவைத்துக் குழந்தைபோல் விளையாடிக்கொண்டிருக்கிறது.

ஹாலிவுட் கம்பெனியோடு பேச்சு நடந்தும் அந்தப் படம் எடுக்கப்படவே இல்லை. தம் திரைக்கதைப் பிரதிகள் அமெரிக்காவில் சுற்றியிராவிட்டால் 'ஈ.டி.' பிறந்திருக்காது என்று ராய் பின்னாளில் கூறினார். ஸ்பீல்பெர்க் அதை மறுத்தார். வழக்கு எப்படியிருந்தாலும், ராய் காட்டியது நாம் யோசிக்க வேண்டிய செய்தி. பளபளக்கும் இயந்திரத்தைக் கண்டதும் கும்பிட்டுவிடுவதும் பக்தி ஆகாது. அந்தக் கும்பிடைக் காசாக்குவதும் பக்தி ஆகாது.

மாயை என்ற சிறை

1999-இல் வாச்சோவ்ஸ்கி உடன்பிறப்புகள் எடுத்த 'தி மேட்ரிக்ஸ்' இளைஞர்களைப் பித்துப்பிடிக்க வைத்த படம். நாம் காணும் ஊர், வீடு, வேலை எல்லாம் இயந்திரங்கள் மனிதர் மூளைக்குள் ஓட்டும் கனவு. உண்மையில் மனிதர்கள் கூண்டுகளில் உறங்கிக் கிடக்கிறார்கள் என்பது கதை. 'எல்லாம் மாயை' என்று நம் பெரியவர்கள் திண்ணையில் உட்கார்ந்து சொன்னது நினைவுக்கு வருகிறதல்லவா?

கதாநாயகன் நியோ எதிர்பார்க்கப்பட்ட மீட்பன். அவனும் இறந்து எழுகிறான். அவன் காதலியின் பெயர் டிரினிட்டி. கிறிஸ்தவர் போற்றும் திரித்துவம். மனிதரின் கடைசி நகரம் சயோன். யூதரின் புனித மலை. குறி சொல்பவர் ஜடாமுடி முனிவர் அல்ல; அடுப்பங்கரையில் பிஸ்கட் சுட்டுக்கொண்டிருக்கும் ஒரு பாட்டி! 2003-இல் வந்த மூன்றாம் படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது, பிருகதாரண்யக உபநிஷத்தின் சமஸ்கிருதப் பிரார்த்தனை ஒலிக்கிறது. கறுப்புக் கண்ணாடி அணிந்த துப்பாக்கிப் படத்தின் முடிவில் உபநிஷதம்!

மரத்தடித் தெய்வம்

2009-இல் ஜேம்ஸ் கேமரூன் இயக்கிய 'அவதார்' படத்தின் பெயரே நம்முடையது. நீல நிற மேனி கொண்ட மக்கள். வேறோர் உடலில் புகுந்து அவர்களிடையே இறங்கும் மனிதன். தெய்வம் உடல் எடுத்து வருவதைக் குறிக்கும் இந்தியச் சொல் என்று அறிந்தே இதை வைத்ததாகக் கேமரூன் கூறியிருக்கிறார்.

அந்த மக்களுக்கு மரமே கோயில். மூதாதையர் குரல் மரத்தில் கேட்கும். மண்ணுக்கடியில் விலைமதிப்பற்ற தாது இருக்கிறதென்று இராட்சத இயந்திரங்கள் வந்து அந்தப் புனித மரங்களைச் சாய்க்கின்றன.

வாசகர்களே, இந்தக் காட்சியை உங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. காட்டை அழித்துப் பால்மரம் நட்ட காலத்தில், ஒரு மரத்தடியில் கல்லை நிறுத்தி, சூலம் நட்டு, 'முனீஸ்வரா, காப்பாற்று' என்று கும்பிட்டவர்கள் நம் பாட்டன் பூட்டன்மார். தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது, அந்த மரமும் கோயிலும் என்னவாகுமோ என்று எத்தனை குடும்பங்கள் கலங்கி நின்றன! படத்தில் மரம் விழும்போது உங்கள் தாயார் கண்ணைத் துடைத்துக்கொண்டால், ஏன் என்று பிள்ளைகள் கேட்கட்டும். அவர் சொல்லட்டும். அந்த ஒரு கேள்வியில் ஒரு தோட்டத்தின் வரலாறே வெளியே வரும்.

ஏன் இந்தச் சின்னங்கள்?

காரணம் எளிது. இயந்திரம் 'எப்படி' என்பதற்குப் பதில் சொல்லும். குண்டை எப்படிச் செய்வது, நிலவுக்கு எப்படிப் போவது என்று சொல்லும். 'செய்யலாமா?' என்ற கேள்விக்கு அதனிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வி எழும்போதெல்லாம் கதாசிரியன் பழைய கதைகளின் வாசலில் போய் நிற்கிறான்.

மகாபாரதப் போரின் முடிவை நினைத்துப் பாருங்கள். அசுவத்தாமன் பிரம்மாஸ்திரத்தை ஏவினான். அர்ஜுனனும் ஏவினான். உலகம் அழிந்துவிடும், திருப்பி எடுங்கள் என்று முனிவர்கள் தடுத்தார்கள். மன அடக்கம் உள்ள அர்ஜுனன் திரும்ப எடுத்துவிட்டான். அசுவத்தாமனால் முடியவில்லை, ஏவத் தெரிந்தவனுக்கு அடக்கத் தெரியவில்லை. வயிற்றிலிருந்த குழந்தையின் மேல் அதைத் திருப்பிவிட்டுத் தீராத சாபம் வாங்கினான். 2024-இல் நாக் அஸ்வின் இயக்கத்தில் வந்த 'கல்கி 2898 ஏ.டி.' என்ற விஞ்ஞானப் படம் இந்தக் காட்சியிலிருந்தே தொடங்குகிறது. அன்று கருவை அழிக்கப் பார்த்த அதே அசுவத்தாமன், ஆயிரமாயிரம் ஆண்டு கழித்து, கல்கியைச் சுமக்கும் ஒரு தாயைக் காக்க எழுகிறான். அமிதாப் பச்சன் அந்த வேடத்தில் நடித்தார்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 'பார்த்தீர்களா, அணுகுண்டும் ராக்கெட்டும் அன்றே நம்மிடம் இருந்தன. வெள்ளைக்காரன் திருடிக்கொண்டான்' என்று சிலர் மார்தட்டுவார்கள். அந்தப் பெருமை நமக்கு வேண்டாம். நம் முன்னோர் விட்டுச் சென்றது குண்டு செய்யும் குறிப்பு அல்ல; குண்டு கையில் இருப்பவன் எப்படி நடக்க வேண்டும் என்ற அறிவுரை. அதுதான் பெரிய சொத்து. அது நமக்கு மட்டும் உரியதும் அல்ல. மோசேயின் பேழையும் கர்ணனின் பேழையும் வேறு வேறு ஆற்றில் மிதந்தன. பிள்ளையைப் பிரிந்த தாயின் கண்ணீர் ஒன்றுதான்.

அடுத்த முறை பார்க்கும்போது

ஒரு காலத்தில் தோட்டத்துத் திடலில் வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டுவார்கள். பாயை விரித்து, குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து பார்த்தோம். மறுநாள் வெட்டுக்காட்டில் அதைப் பற்றியே பேசினோம். இப்போது படம் ஒவ்வொருவர் கைப்பேசிக்குள்ளும் தனித்தனியாக ஓடுகிறது. பேச்சு நின்றுவிட்டது. நாம் இழந்தது அந்தப் பேச்சைத்தான்.

ஆகவே ஒரு யோசனை. விடுமுறை நாளில் உங்கள் பிள்ளை பார்க்கும் விண்வெளிப் படத்தை நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஆங்கிலம் புரியாவிட்டால் பிள்ளையே சொல்லட்டும். சொல்லிக்கொடுப்பதில் அவனுக்கும் ஒரு பெருமை. படம் முடிந்ததும் மூன்று கேள்விகள் கேளுங்கள்.

அவனுக்குக் கிடைத்த சக்தி என்ன? அதை யாருக்காகப் பயன்படுத்தினான்? எந்த இடத்தில் பயன்படுத்தாமல் கையை மடக்கிக்கொண்டான்?

மூன்றாவது கேள்விக்கு அவன் யோசித்துப் பதில் சொல்லும்போது, "இதே மாதிரி ஒருவன் நம் கதையிலும் இருக்கிறான், கேட்கிறாயா?" என்று தொடங்குங்கள். அர்ஜுனனைச் சொல்லுங்கள், வாமனரைச் சொல்லுங்கள், நீங்கள் கிறிஸ்தவர் என்றால், தம்மைச் சிலுவையில் அறைந்தவர்களுக்காக மன்றாடியவரைச் சொல்லுங்கள். 'பழசு' என்று எழுந்து போன பிள்ளை, இந்த முறை உட்கார்ந்து கேட்பான். பாட்டிக்கும் பக்கத்தில் ஓர் இடம் போட்டு வையுங்கள்.